துடைப்பத்திற்கு ஒரு தங்கை

துடைப்பத்தைக் குறை சொல்வதற்காக நான் பேனா எடுக்கவில்லை. தென்னை ஈர்க்கைச் சீவிக் கட்டிய விளக்குமாறும், புல் துடைப்பமும் நம் வீடுகளுக்குச் செய்திருக்கிற சேவை கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு மின்சாரம் வேண்டாம், பழுது பார்க்க ஆள் வேண்டாம், தேய்ந்து போனால் புதிது கட்டிக்கொள்ளலாம். ஆனால் இப்போது பட்டணத்து மின்சாரக் கடைகளிலும், கைப்பேசி வழியாகச் சாமான் விற்கும் கடைகளிலும், ஒரு முழ நீளத்தில் கம்பியில்லாத தூசு உறிஞ்சிகள் வந்து குவிந்திருக்கின்றன. 'வெக்கியூம்' என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதன் குட்டி. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டால், "டீச்சர், இதை வாங்கலாமா?" என்று தோட்டத்துத் தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுப்பவளுக்கு எல்லா இயந்திரமும் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை! கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். இந்தச் சாமான் 50 வெள்ளிக்கும் கிடைக்கிறது, 500 வெள்ளிக்கும் கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, 200 வெள்ளிக்கு ஒரு தூசு உறிஞ்சி வாங்குவதென்றால், அது மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து பெரட்டுக்குப் போய், பால் வெட்டியோ பழம் சுமந்தோ சம்பாதித்த கூலி. அந்த மூன்று நாள் உழைப்பை ஒரு பெட்டிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் வாங்கலாமா?

அதற்கும் முன்னால், உங்கள் வீட்டுக்கு இது தேவையா என்பதைப் பார்க்க வேண்டும். சிமெண்டுத் தரை, பாய், இரண்டு நாற்காலி, ஒரு மேசை, இவ்வளவுதான் என்றால் துடைப்பமும் ஈரத்துணியும் போதும். தரை முழுவதையும் இந்தச் சின்ன இயந்திரத்தால் கூட்ட நினைப்பது, தேநீர்க் கரண்டியால் கிணறு இறைப்பதைப் போன்றது. இதற்கு ஏற்ற இடங்கள் வேறு. சோபாவின் இடுக்கு, மெத்தையின் ஓரத் தையல், சன்னல் சட்டத்தின் பள்ளம், தையல் இயந்திரத்தின் அடியில் சேரும் நூல் பிசிறு, காரின் இருக்கைக்குக் கீழே பிள்ளைகள் சிந்திய முறுக்குத் தூள், அலமாரியின் மூலையில் பல்லி எச்சம். மழை பெய்து ஓய்ந்த இரவில் விளக்கைச் சுற்றி ஈசல் விழுமே, மறுநாள் காலை அந்த இறகுகளைத் துடைப்பத்தால் கூட்டிப் பாருங்கள். கூட்டக் கூட்டப் பறக்கும். இந்த இயந்திரம் அதை ஒரே நொடியில் விழுங்கிவிடும். அதைப் பார்க்கவே ஒரு திருப்தி!

இன்னொரு வகை வீடும் உண்டு. இளைப்பு நோய் உள்ள பிள்ளை இருக்கிற வீடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் படிக்கும் ஒரு பையனுக்கு அடிக்கடி இழுப்பு வரும். அவன் அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஒருநாள் பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், தம்பிக்கு ராத்திரியானா இழுக்குது. தூசு ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நானும் தினம் ரெண்டு வேளை வீட்டைக் கூட்டுறேன். அப்பவும் விடமாட்டேங்குது."

"நீங்க கூட்டும்போது தம்பி எங்கம்மா இருப்பான்?"

"அங்கதான் டீச்சர், கட்டில்ல படுத்திருப்பான். நான் காலையில நாலரைக்கே கூட்டிட்டுத்தானே வேலைக்குப் போகணும்."

பாருங்கள், தாயின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. காய்ந்த துடைப்பத்தால் வேகமாகக் கூட்டும்போது மண்ணும் குப்பையும் வாசலுக்குப் போகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு மேலே எழும்பி, சற்று நேரம் காற்றில் மிதந்து, பிறகு மெத்தை மீதும் தலையணை மீதும் மெதுவாக இறங்கும். தூங்குகிற பிள்ளை அதைத்தான் மூச்சில் இழுக்கிறது. இது போதாதென்று, மெத்தையிலும் தலையணையிலும் மிக நுண்ணிய சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றுக்கு உணவு. நம் நாட்டைப் போல ஈரப்பதம் மிகுந்த இடத்தில் அவை நன்றாகப் பெருகும். அவற்றின் கழிவுதான் பலருக்கு இளைப்பையும் தும்மலையும் கிளப்பிவிடுகிறது.

அதற்காக, இயந்திரத்தை வாங்கினால் இழுப்பு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெத்தையின் உள்ளே இருக்கும் உண்ணிகளை இந்தச் சின்ன உறிஞ்சி வெளியே இழுத்துவிடாது. மேலே படிந்திருக்கும் தூசையும் கழிவையும் குறைக்கும், அவ்வளவுதான். அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு கூட்டுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். 60 பாகை வெப்பத்தில் உண்ணி சாகும். மெத்தையை நல்ல வெயிலில் போடுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள். இவ்வளவும் காசில்லாத வைத்தியம். இதற்குப் பிறகும் கையில் காசு இருந்தால், நல்ல வடிகட்டி உள்ள உறிஞ்சி வாங்குங்கள் என்றேன். சில மாதம் கழித்து வாங்கினார். மெத்தையின் ஓரத்தை வாரம் இருமுறை இழுக்கிறார். பையன் இன்னும் மருந்துக் குழாயைப் பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறான். ஆனால் இரவில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது என்கிறார்.

வடிகட்டி என்றேன். இந்த இயந்திரத்தின் உயிர்நாடியே அதுதான். இது தூசை எப்படி இழுக்கிறது தெரியுமா? உள்ளே ஒரு சின்ன விசிறி மிக வேகமாகச் சுழன்று காற்றைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள காற்று அந்த இடத்தை நிரப்ப வாய் வழியாகப் பாய்கிறது. பாயும்போது தூசையும் அள்ளிக்கொண்டு வருகிறது. தூசு பெட்டியில் தங்கிவிடும். காற்று வடிகட்டி வழியாகப் பின்னால் வெளியேறும். வடிகட்டி மட்டமாக இருந்தால், முன்னால் இழுத்த நுண்தூசைப் பின்னால் நம் முகத்திலேயே ஊதிவிடும். அதற்குத் துடைப்பமே தேவலை. 'ஹெப்பா' என்று எழுதியிருக்கும் வடிகட்டி நல்ல ரகம். அமெரிக்க அளவுகோலின்படி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கிலும் மூன்றில் ஒன்றைவிடச் சிறியதான 0.3 மைக்ரோன் துகளில், நூற்றுக்கு 99.97 பங்கை அது பிடிக்க வேண்டும். மலிவான பெட்டிகள் சிலவும் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூசை உறிஞ்சும் இயந்திரம் புதிதல்ல. 1901ஆம் ஆண்டு லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் ஒன்றைச் செய்தார். அதைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாயைச் சன்னல் வழியாக உள்ளே விட்டுத்தான் வீட்டைச் சுத்தம் செய்வார்களாம்! கையில் பிடிக்கிற கம்பியில்லாத வகையை உலகம் முழுவதும் பிரபலமாக்கியது 1979இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வெளியிட்ட 'டஸ்ட்பஸ்டர்'. அந்தக் காலத்தில் நம் தோட்டங்கள் பலவற்றில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் விளக்கே எரியும். இன்று எல்லா நேரமும் மின்சாரம் இருந்தாலும், பழைய வரிசை வீடுகளில் கூடத்தில் ஒரு சுவிட்சு, சமையலறையில் ஒரு சுவிட்சு என்றுதான் இருக்கின்றன. பெரிய இயந்திரத்தின் கம்பியை இழுத்து இழுத்து, பாட்டியின் காலில் மாட்டி, அவரைக் கீழே தள்ளுவதைவிட, கம்பியில்லாதது நமக்கு வசதிதான். பேட்டரிதான் பிரச்சினை. பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்று இப்போது பார்ப்போம். ஆறாம் ஆண்டுக் கணக்குதான், பயப்படாதீர்கள்.

பெட்டியில் '120 வாட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் பேட்டரி '7.4 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி' என்று இருக்கும். 2000 மில்லி என்பது 2. அந்த 2ஐ 7.4ஆல் பெருக்குங்கள். 14.8 வருகிறது. பேட்டரி என்ற குடத்தில் இருக்கிற மொத்தத் தண்ணீர் இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 வாட் என்பது குழாய் திறந்திருக்கும் வேகம். 14.8ஐ 120ஆல் வகுத்து, மணியை நிமிடமாக்க 60ஆல் பெருக்கினால் ஏழரை நிமிடம்கூட வராது. ஆனால் அதே பெட்டியில் '30 நிமிடம் ஓடும்' என்றும் போட்டிருப்பார்கள்! 30 நிமிடம் ஓட வேண்டுமானால் அந்தக் குடத்திலிருந்து 30 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஆக, 120 வாட்டும் 30 நிமிடமும் ஒன்றாக உண்மையாக இருக்க வழியில்லை. பலம் கூடினால் நேரம் குறையும், நேரம் கூடினால் பலம் குறையும். நேர்மையான நிறுவனங்கள் 'மெதுவான வேகத்தில் இவ்வளவு நிமிடம், முழு வேகத்தில் இவ்வளவு நிமிடம்' என்று பிரித்துப் போடும். முழு வேகத்தில் எத்தனை நிமிடம் என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். சோபாவுக்கும் மெத்தைக்கும் 10 நிமிடம் முழுப் பலத்தோடு ஓடினால் போதும்.

அடுத்தது 'பாஸ்கல்' கணக்கு. உறிஞ்சும் அழுத்தத்தை இந்த அளவில் சொல்வார்கள். 9,000 பாஸ்கல் என்றால், ஒரு குழாயில் தண்ணீரைச் சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்திற்கு இழுத்து நிறுத்தும் பலம். நல்ல பலம்தான். ஆனால் இந்த அளவு, வாயை முழுவதும் அடைத்து வைத்திருக்கும்போது எடுப்பது. தூசை அள்ளிக்கொண்டு வருவது பாய்கிற காற்று. வாய் அடைத்திருந்தால் காற்று ஏது? ஆகவே இந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. இன்னொன்று, சில மலிவுப் பெட்டிகளில் 120,000 பாஸ்கல், 150,000 பாஸ்கல் என்றெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் மொத்த அழுத்தமே கடல் மட்டத்தில் 101,325 பாஸ்கல்தான். உள்ளே ஒரு துளி காற்றுகூட இல்லாமல் ஆக்கினாலும் அதற்கு மேல் இழுக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. அப்படி எழுதியிருக்கும் பெட்டியை அந்த இடத்திலேயே கீழே வைத்துவிடுங்கள். இயற்கையையே ஏமாற்றுகிறவன் நம்மை விடுவானா?

முடிந்தவரை கடைக்கு நேரில் போய் வாங்குவதையே நான் விரும்புவேன். கையில் தூக்கிப் பாருங்கள். தோள் உயரத்தில் இரண்டு நிமிடம் பிடிக்க முடிகிறதா? ஒரு கிலோவுக்கு மேல் போனால் ஒட்டடை எடுக்கும்போது மணிக்கட்டு வலிக்கும். ஓடவிடச் சொல்லுங்கள். பின்பக்கம் கையை வைத்துக் காற்று எங்கே வருகிறது என்று பாருங்கள். தூசுப் பெட்டியைக் கழற்றி, வடிகட்டியை நீங்களே எடுத்து, நீங்களே திரும்பப் பொருத்துங்கள். கடைக்காரர் செய்து காட்டினால் போதாது, அவருக்குப் பழகிய கை. மாற்று வடிகட்டி தனியாகக் கிடைக்குமா, பேட்டரி செத்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 'முடியாது' என்றால், பேட்டரியின் ஆயுள்தான் இயந்திரத்தின் ஆயுள். மின்சாரம் ஏற்றும் சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். மரவீட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை பார்க்கலாம்.

சம்பள நாளில் வேன் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அஞ்சடியில் கம்பளத்தை விரித்து, மாவைக் கொட்டி உறிஞ்சிக் காட்டி, "அக்கா, மாசம் 45 வெள்ளிதான்" என்பார்கள். எத்தனை மாதம் என்று கேளுங்கள். 12 என்றால் 540 வெள்ளி. அதே வகை சாமான் பட்டணத்தில் 300 வெள்ளிக்குக் கிடைக்குமானால், மிச்சம் 240 வெள்ளி எதற்கு? எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இப்படித் தவணைக்கு எடுத்த இயந்திரம் ஐந்தாவது மாதமே ஓய்ந்துவிட்டது. விற்றவரின் தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது! கைவசம் ரசீதும் இல்லை. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் இருந்திருந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குப் போயிருக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆகவே ரசீதைப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அதன் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. எப்படிப் பயன்படுத்துவது?

மேலிருந்து கீழே வாருங்கள். ஒட்டடை, அலமாரி, சன்னல், சோபா, கடைசியில் தரை மூலை. தலைமுடி அதிகம் இருந்தால் முதலில் கையால் பொறுக்கிவிடுங்கள், தூரிகையில் சுற்றிக்கொள்ளும். சாமி மேடையைச் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. ஊதுவத்திச் சாம்பலையும், சாம்பிராணித் தட்டையும், கொசுவத்திச் சாம்பலையும் இதனால் இழுக்கக்கூடாது. மேலே வெள்ளையாக ஆறிப்போனது போல் தெரியும். உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருக்கும். காற்று பட்டவுடன் அது உயிர் பெற்று, பெட்டிக்குள் இருக்கும் பஞ்சிலும் தூசிலும் பற்றிக்கொள்ளும். விபூதி, மாவு, மஞ்சள் தூள் ஆகியவை கொட்டினால் ஈரத்துணியால் எடுங்கள். அவ்வளவு நுண்ணிய பொடி வடிகட்டியை ஒரே தடவையில் அடைத்துவிடும். 'ஈரமும் இழுக்கும்' என்று தெளிவாகப் போட்டிருந்தாலொழிய, தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கண்ணாடித் துண்டும் ஆணியும் வேண்டாம்.

வேலை முடிந்தவுடன் தூசுப் பெட்டியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். இளைப்பு உள்ள பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மற்றபடி, வீட்டு ஆண்பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுங்கள். துடைப்பத்தைத் தொட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற தம்பிமார்கள், இயந்திரம் என்றால் தாங்களாகவே ஓடிவந்து எடுக்கிறார்கள். அவர்கள் அப்பாமார்களும் அப்படித்தான். காரைச் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போகிறவரை, வரும் வழியில் சோபாவையும் ஒரு கை பார்க்கச் சொல்லுங்கள். விடியற்காலை நாலரை மணி வேலையில் ஒரு பங்கு உங்கள் தோளிலிருந்து இறங்கினால், அதுவே பாதி விலைக்குச் சமம் என்பது என் கட்சி.

பேட்டரிக்கு வெப்பம்தான் எமன். இப்போதைய இயந்திரங்களில் பெரும்பாலும் லித்தியம் அயனி பேட்டரி இருக்கிறது. 1991இல் முதன்முதலாகக் கடைக்கு வந்த வகை. பழைய நிக்கல் காட்மியம் வகையைப் போல முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது இதற்கு இல்லை. அடியோடு தீரவிடாமல் இடையிடையே ஏற்றினால்தான் நீடிக்கும். வேலை முடிந்து சூடாக இருக்கும்போது உடனே ஏற்றாமல், கொஞ்சம் ஆறவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். அடுப்பு மேடைப் பக்கமும், மெத்தை மேலும் வைத்து ஏற்றாதீர்கள். எல்லாரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். பேட்டரி உப்பினாலோ, விநோதமான வாடை வந்தாலோ, அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கூட்டி நெருப்பு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செத்துப்போன பேட்டரியையோ, பேட்டரியோடு இயந்திரத்தையோ அதில் போட்டுவிடாதீர்கள். வெடிக்கும். குப்பை எரிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு சுற்றி நிற்பவர்கள் யார்? பிள்ளைகள்தான். பட்டணங்களில் மின்கழிவு சேகரிக்கும் இடங்கள் இருக்கின்றன. மின்சாரக் கடைகள் சிலவும் வாங்கிக்கொள்கின்றன. அடுத்த முறை பட்டணம் போகும் வரை, நிழலான இடத்தில் ஒரு தகர டப்பாவில் தனியாக வைத்திருங்கள்.

வடிகட்டியைக் கழுவலாம் என்று கையேட்டில் போட்டிருந்தால், மாதம் ஒருமுறையாவது வெறும் தண்ணீரில் அலசுங்கள். நிழலில் ஒருநாள் முழுக்கக் காயவேண்டும். ஈரத்தோடு மாட்டினால் நாற்றமடிக்கும், மோட்டாரும் கெடும். அது காயும்வரை வடிகட்டியில்லாமல் ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டார்; கூடவே கூடாது. அதற்காகத்தான் வாங்கும்போதே இரண்டாவது வடிகட்டியையும் வாங்கிவிடச் சொல்கிறேன். கொடியில் காயப்போடும்போது இரண்டு கவ்வி போட்டு மாட்டுங்கள். பார்ப்பதற்குப் பழந்துணி மாதிரி இருப்பதால், எங்கள் வரிசையில் ஒரு பாட்டி அதை எடுத்து விளக்கு துடைத்துவிட்டார்.